நீண்ட எக்ஸ்போஷர் இரவுப் படங்களில் தனி ஃபிளாஷ்: படிப்படியான முழு வழிகாட்டி

முழு நிலவு நாளில், ஒரு பழைய கல் கட்டடத்தின் முன்னால் முக்காலியில் கேமரா நிற்கிறது. ஷட்டர் திறந்து ஐந்து வினாடி ஆகிவிட்டது. இன்னும் இருபத்தைந்து வினாடி இருக்கிறது. படம் எடுப்பவர் கேமராவின் அருகில் இல்லை. கையில் ஒரு ஃபிளாஷுடன் இருட்டில் நடந்து, கட்டடத்தின் இடப்பக்கச் சுவரை ஒட்டி நின்று, ஃபிளாஷின் பின்புறத்தில் உள்ள சிறிய பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார். கண் சிமிட்டுவதற்குள் அந்த ஒளி வந்து போய்விடுகிறது. ஆனால் சுவரின் ஒவ்வொரு கல்லும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு இடுக்கும் அதற்குள் சென்சாரில் பதிந்துவிட்டன. மீதமுள்ள நேரம் முழுவதும் வானமும் மேகமும் நிலவொளியும் தம் பங்குக்கு மெதுவாகப் பதிந்துகொண்டிருக்கின்றன.

இந்த வகைப் படத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெளிவானால் போதும்: ஒரே சட்டகத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர்கள், அதாவது சென்சாரில் இரண்டு ஒளிப்பதிவுகள், நடக்கின்றன. ஒன்று, அந்த இடத்தில் ஏற்கனவே இருக்கும் ஒளியின் எக்ஸ்போஷர். மற்றொன்று, நாம் கொண்டுவந்த ஃபிளாஷின் எக்ஸ்போஷர். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, தனித்தனியாகச் சரிசெய்து, கடைசியில் மட்டும் ஒன்றுசேர்க்க வேண்டும். தொடக்கத்தில் பலருக்கும் படங்கள் கெட்டுப்போவது இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பதால்தான்.

எந்த அமைப்பு எதை மாற்றும்

சாதாரண ஃபிளாஷ் ஒன்று முழு சக்தியில் எரியும் நேரம், அதன் வடிவமைப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 1/200 வினாடியிலிருந்து 1/1000 வினாடி வரை இருக்கும். சக்தியைக் குறைக்கக் குறைக்க இந்த நேரம் மேலும் சுருங்கி, 1/128 சக்தியில் 1/20000 வினாடியையும் நெருங்கக்கூடும். ஆகவே ஷட்டர் 2 வினாடி திறந்திருந்தாலும் 2 நிமிடம் திறந்திருந்தாலும் ஃபிளாஷிலிருந்து சென்சாருக்கு வந்து சேரும் ஒளியின் அளவு ஒன்றேதான். ஷட்டர் நேரம் சுற்றுப்புற ஒளியை மட்டுமே கூட்டும் அல்லது குறைக்கும்.

ஃபிளாஷின் சக்தி, ஃபிளாஷுக்கும் பொருளுக்கும் இடையிலான தொலைவு, எத்தனை முறை அடிக்கிறோம் என்ற எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஃபிளாஷ் ஒளியை மட்டுமே மாற்றும். லென்ஸின் துளையளவான அப்பெர்ச்சரும், சென்சாரின் ஒளி உணர்திறன் அளவான ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும். எனவே, வானம் வெளுத்துப்போய் சுவர் சரியாக இருந்தால் ஷட்டர் நேரத்தைக் குறைக்க வேண்டும். வானம் சரியாக இருந்து சுவர் வெளுத்திருந்தால் ஃபிளாஷின் சக்தியைக் குறைக்க வேண்டும் அல்லது பின்னால் நகர வேண்டும். இரண்டுமே ஒரே அளவில் தவறியிருந்தால் மட்டும் அப்பெர்ச்சரையோ ஐஎஸ்ஓவையோ தொடலாம். இந்த ஒழுங்கு பழகிவிட்டால், இருட்டில் நின்று தடுமாறும் நேரம் பெருமளவு குறைந்துவிடும்.

கருவிகள்

விலையுயர்ந்த ஃபிளாஷ் இதற்குத் தேவையில்லை. மேனுவல் முறையில் சக்தியை மாற்ற முடிய வேண்டும். கையால் அடிப்பதற்கான சோதனைப் பொத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள பழைய ஃபிளாஷே போதும். டிடிஎல் என்னும் தானியங்கி அளவீடு இங்கே பயன்படாது, ஏனெனில் கையால் அடிக்கும்போது ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. கேமராவிலிருந்து கம்பியின்றி ஃபிளாஷை இயக்கும் ரேடியோ ட்ரிக்கர் இருந்தால், ஃபிளாஷை ஓரிடத்தில் நிலையாக வைத்து, ஷட்டர் திறக்கும் கணத்திலோ மூடும் கணத்திலோ அடிக்கச் செய்யலாம். நகர்ந்து நகர்ந்து ஒளியூட்ட வேண்டிய இடங்களில் கையால் அடிப்பதே எனக்குப் பிடித்த முறை. அது தரும் சுதந்திரத்தை எந்த ட்ரிக்கரும் தருவதில்லை.

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஃபிளாஷின் மெனுவில் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். முதலாவது, சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாகத் தூங்கிவிடும் வசதியை அணைத்துவிடுங்கள். நான்கு நிமிட எக்ஸ்போஷரின் மூன்றாவது நிமிடத்தில் பொத்தானை அழுத்தி, ஒன்றுமே நடக்காமல் நிற்பது மனத்தை உடைக்கும். இரண்டாவது, மிக வேகமான ஷட்டருக்கான அதிவேக ஒத்திசைவு (HSS) முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது ஒளியைப் பல சிறு துடிப்புகளாகச் சிதறடித்துச் சக்தியை வீணாக்கும், நீண்ட எக்ஸ்போஷரில் அதற்கு வேலையே இல்லை.

உறுதியான முக்காலி, ரிமோட், உபரி பேட்டரிகள், சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, ஒளியைக் குறுக்கக் குழாயாகச் சுருட்டக்கூடிய கறுப்பு அட்டை, கறுப்பு நாடா, சில நிற ஜெல்கள் (ஃபிளாஷின் முன்னால் ஒட்டும் நிறத் தாள்கள்) ஆகியவை பையில் இருக்கட்டும். கறுப்பு அல்லது அடர்நிற ஆடை அணிந்து செல்லுங்கள். கறுப்பு நாடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிளாஷின் பின்புறத்தில் ‘தயார்’ என்று காட்டும் சிறிய எல்இடி விளக்கு நம் கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். ஒருமுறை, நான் மிகவும் விரும்பிய ஒரு படத்தில், சுவரின் குறுக்கே நான் நடந்துபோன பாதை முழுவதும் மெல்லிய சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. அதை வீட்டில் பெரிய திரையில் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து, அந்த விளக்கையும் ஃபிளாஷின் பின்புறத் திரையையும் நாடாவால் மூடாமல் நான் சட்டகத்துக்குள் கால் வைப்பதில்லை.

முதல் படி: வெளிச்சம் இருக்கும்போதே சென்று சேருங்கள்

சூரியன் மறைவதற்கு முன்பே இடத்தை அடைந்து, சட்டகத்தை முடிவுசெய்து, முக்காலியை நிறுத்திவிடுங்கள். பிறகு, இருட்டில் நீங்கள் நடக்கப்போகும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே குழி, எங்கே கம்பி, எந்தத் தூணுக்குப் பின்னால் உடல் முழுவதும் மறையும், கேமராவிலிருந்து சுவருக்கு எத்தனை அடி வைத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். தனியார் இடமாகவோ பாதுகாக்கப்பட்ட இடமாகவோ இருந்தால் அனுமதியும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். ஓடும் வாகனங்களை நோக்கி ஒருபோதும் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. இருட்டுக்குப் பழகிய ஓட்டுநரின் கண்ணை அது கணநேரம் குருடாக்கிவிடும். பறவைகள் அடையும் மரங்களுக்கும் கூடுகளுக்கும் அருகிலும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஃபோகஸ்

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். ஒரு டார்ச்சைப் பொருளின் மீது அடித்து, காட்சியைக் கேமராத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி விடுங்கள். வளையம் தற்செயலாகத் திரும்பாமலிருக்கச் சிறிய நாடா ஒட்டுவது நல்லது. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு வசதி இருந்தால் முக்காலியில் அதை அணைத்துவிடலாம்.

மூன்றாம் படி: சுற்றுப்புற ஒளியை மட்டும் அளவிடுங்கள்

ஃபிளாஷை இப்போது பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். முழு நிலவு உச்சியை நெருங்கியிருக்கும் தெளிந்த இரவில், ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 அப்பெர்ச்சர், 30 வினாடி என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. இந்த வழிகாட்டி முழுவதும் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நகர ஒளி சேர்ந்தால் நேரம் குறையும். நிலவு இல்லாவிட்டால் பல மடங்கு கூடும்.

ஒவ்வொரு சோதனைக்கும் 30 வினாடி காத்திருக்கத் தேவையில்லை. ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்தினால் அது 400ஐப் போல 16 மடங்கு. ஆகவே 2 வினாடியில் கிடைக்கும் படமும், ஐஎஸ்ஓ 400இல் 32 வினாடியில் கிடைக்கும் படமும் ஒரே பிரகாசத்தில் இருக்கும். இதே கணக்கில், ஐஎஸ்ஓ 6400இல் 1 வினாடி என்பது ஐஎஸ்ஓ 100இல் 64 வினாடிக்குச் சமம். சட்டகத்தையும், அடிவானக் கோட்டின் சாய்வையும் இந்த விரைவுப் படங்களிலேயே சரிபார்த்துவிடலாம்.

கேமராத் திரையை நம்பி முடிவெடுக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிறு திரை மிகப் பிரகாசமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் கறுத்துப்போயிருக்கும். திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்து, படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இரவு இரவாகத் தெரிய வேண்டுமானால் சுற்றுப்புற ஒளி, பகல் போன்ற முழு எக்ஸ்போஷரைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறைவாக இருப்பது நல்லது (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). அந்த இடைவெளியில்தான் ஃபிளாஷ் பட்ட இடம் தனித்து எழும்.

விண்மீன்கள் சட்டகத்தில் இருந்தால் நேரத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பூமி 4 நிமிடத்துக்கு 1 பாகை சுழல்கிறது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுள்ள முழுச் சட்டக சென்சாரில் 24 மில்லிமீட்டர் லென்ஸில் 20 வினாடியைத் தாண்டினால் விண்மீன்கள் புள்ளியாக நிற்காமல் சிறு கோடுகளாக நீளத் தொடங்கும். கோடுகள் வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், நீளமாகவே விடுங்கள். அரைகுறையாக நீண்ட விண்மீன்கள் அசைந்துபோன படம் போலத்தான் தெரியும்.

நான்காம் படி: ஃபிளாஷை மட்டும் அளவிடுங்கள்

இப்போது ஐஎஸ்ஓவை இறுதி அளவான 400க்கே கொண்டுவந்துவிடுங்கள். இதை மறந்து, 6400இலேயே ஃபிளாஷைச் சோதித்தால் படம் முற்றிலும் வெளுத்துப்போகும். ஷட்டர் நேரத்தை மட்டும் 4 வினாடியாக வைத்து, அந்த 4 வினாடிக்குள் ஃபிளாஷை அடித்துப் பாருங்கள். ஷட்டர் நேரம் ஃபிளாஷைப் பாதிக்காது என்பதால், 30 வினாடிப் படத்தில் சுவர்மீது விழப்போகும் ஃபிளாஷ் ஒளி எப்படியிருக்குமோ அதுதான் இந்தச் சோதனையிலும் தெரியும். வானம் மட்டும் கறுப்பாக இருக்கும். சில வினாடிகளில் வானத்தையும், சில வினாடிகளில் சுவரையும் தனித்தனியாகச் சரிசெய்து முடித்துவிடலாம்.

எந்தச் சக்தியில் தொடங்குவது என்பதற்கு ஃபிளாஷின் வழிகாட்டி எண் உதவும். அது ஐஎஸ்ஓ 100இல் தொலைவையும் எஃப் எண்ணையும் பெருக்கிக் கிடைக்கும் எண். வழிகாட்டி எண் 40 என்றால், முழு சக்தியில், எஃப் 8இல், 5 மீட்டர் தொலைவுப் பொருள் சரியாக ஒளிபெறும். ஐஎஸ்ஓ நான்கு மடங்கானால் இந்த எண் இரண்டு மடங்காகும்; சக்தி நான்கில் ஒன்றானால் பாதியாகும். நம் எடுத்துக்காட்டில், 1/8 சக்தியில் எண் 40 ஏறத்தாழ 14 ஆகக் குறைகிறது, ஐஎஸ்ஓ 400இல் 28 ஆக உயர்கிறது, அதை 5.6ஆல் வகுத்தால் 5 மீட்டர். ஆக, 1/8 சக்தியில் ஐந்து மீட்டரிலிருந்து அடித்துத் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் தரும் எண் பெரும்பாலும் ஃபிளாஷ் தலையின் ஜூமை மிகக் குறுகலாக வைத்து அளந்தது. அகலமாகப் பரப்பினால் உண்மையான எண் வெகுவாகக் குறையும்.

தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும். இந்த விதி இருட்டில் மிகக் கண்டிப்பானது. சுவரின் ஒரு முனையில் நின்று மொத்தச் சுவரையும் ஒரே அடியில் ஒளியூட்ட முயன்றால், அருகிலுள்ள கற்கள் வெளுக்கும், தொலைவிலுள்ளவை தெரியவே தெரியாது. பெரிய பரப்புக்கு, குறைந்த சக்தியில் பல முறை, இடம் மாறி மாறி, ஒன்றின் ஓரம் மற்றதன் மீது சற்றே படியும்படி அடிப்பதே சரி. ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை அடித்தால் ஒரு ஸ்டாப் கூடும், நான்கு முறை அடித்தால் இரண்டு, எட்டு முறை அடித்தால் மூன்று. சிறிய ஃபிளாஷ் மட்டுமே இருப்பவருக்கு இந்தக் கூட்டல் பெரிய வரம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஃபிளாஷ் மீண்டும் முழுமையாகச் சக்தியேறும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் அடுத்த அடி மங்கும்.

ஐந்தாம் படி: எந்தத் திசையிலிருந்து

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றுவதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. கேமராவின் பக்கத்திலிருந்து நேராக அடித்த ஒளியில் கல் சுவர் சாயம் பூசிய அட்டை போலத் தெரியும். அதே சுவரை ஒட்டி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, ஒளி சுவரின் பரப்பை உரசிக்கொண்டு செல்லும்படி அடித்துப் பாருங்கள். உளி விட்ட தழும்பு, உதிர்ந்த காரையின் விளிம்பு, இடுக்கில் முளைத்த ஒரு சிறு செடியும் அதன் நிழலும் என்று ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். லென்ஸின் பார்வைக்கோட்டிலிருந்து 45 முதல் 90 பாகை வரை விலகிய ஒளியே பெரும்பாலான பரப்புகளுக்கு உயிர் தரும்.

பின்னாலிருந்து அடிக்கும் ஒளியும் அழகானது. அடிமரத்துக்கோ தூணுக்கோ பின்னால் மறைந்து நின்று, ஃபிளாஷைக் கேமராவின் பக்கம் திருப்பி அடித்தால் விளிம்பில் ஒளிக்கோடு விழும். இலைகள் வழியாக ஒளி ஊடுருவி வரும். கட்டடத்துக்குள் சென்று உட்சுவரை நோக்கி அடித்தால், உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்திருப்பதுபோல வாசலும் சன்னலும் ஒளிரும். இவற்றில் ஃபிளாஷின் முகம் லென்ஸுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும்.

சட்டகத்துக்குள் நடமாடும் நீங்கள் ஏன் படத்தில் தெரிவதில்லை என்ற ஐயம் எழலாம். அடர்நிற ஆடையில், ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தால், பதியும் அளவுக்கு உங்கள் மீதிருந்து ஒளி வருவதில்லை. ஆனால் ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில், ஒளிபட்ட சுவருக்கும் கேமராவுக்கும் நடுவே நீங்கள் நின்றால் உங்கள் உருவம் கறுப்பு நிழலாகப் பதிந்துவிடும். ஃபிளாஷைக் கையை நீட்டி உடலிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். ஒளி உங்கள் சட்டையிலோ கால்களிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷைத் தாழ்வாகப் பிடித்தால் அருகிலுள்ள புல் வெளுத்துப்போகும், ஆகவே தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பது பழக்கமாகட்டும்.

ஆறாம் படி: நிறம்

ஃபிளாஷின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின் (எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகத் தெரியும்). நிலவொளி ஏறத்தாழ 4100 கெல்வின். மஞ்சள் சோடியம் விளக்குகள் 2000ஐ ஒட்டியவை. ஜெல் இல்லாத ஃபிளாஷ் இரவுக் காட்சியில் நீலம் கலந்த வெண்மையாக, மருத்துவமனை விளக்குப் போல விழுவது இதனால்தான். ஃபிளாஷின் முன்னால் ஒளியைச் செம்மஞ்சளாக்கும் அரை அளவு சிடிஓ ஜெல் ஒன்றை ஒட்டினால் அது 3800 கெல்வின் அளவுக்கு வரும். கேமராவின் வெள்ளைச் சமநிலையையும் அதே அளவில் வைத்தால் சுவர் தன் இயல்பான நிறத்தில் நிற்கும், பின்னந்தி வானம் ஆழ்ந்த நீலமாகும். ஜெல் ஒளியைச் சிறிது உறிஞ்சும் என்பதால் சக்தியை ஏறத்தாழ அரை ஸ்டாப் கூட்டுங்கள். கடும் சிவப்பும் பச்சையும் ஊதாவும் கொண்ட ஜெல்களைப் பலர் விரும்புகிறார்கள். என் கண்ணுக்கு அவை இடத்தின் இயல்பை அழித்துவிடுகின்றன. ஒரு சன்னலின் உள்ளிருந்து வரும் சிறு செம்மஞ்சள் ஒளி, முழுக் கட்டடத்துக்கும் பூசிய சிவப்பைவிட அதிகம் பேசும்.

ஏழாம் படி: இரண்டையும் சேர்த்து எடுங்கள்

ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 30 வினாடி, ஃபிளாஷ் 1/8 என்று எல்லாம் முடிவாகிவிட்டது. தனியாக இருந்தால் 10 வினாடி டைமரை வைத்து, அல்லது ரிமோட்டில் ஷட்டரைத் திறந்து, தலைவிளக்கை அணைத்துவிட்டு நடந்து செல்லுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதுவும் கோடாகப் பதியும். முதல் நிலையிலிருந்து ஓர் அடி, மனத்துக்குள் ஐந்து எண்ணிக்கொண்டே அடுத்த நிலை, அங்கே ஓர் அடி என்று அவசரமில்லாமல் முடித்து, சட்டகத்துக்கு வெளியே வந்து நின்றுவிடுங்கள். நேரம் போதவில்லை என்றால் ஷட்டரை விரும்பும்வரை திறந்துவைக்கும் பல்ப் முறையில் ஒரு நிமிடத்துக்கு நீட்டி, ஐஎஸ்ஓவை 200ஆகக் குறையுங்கள். அப்போது ஃபிளாஷின் சக்தியை 1/4 ஆக உயர்த்த மறக்க வேண்டாம். நண்பர் ஒருவர் கேமராவின் அருகில் இருந்தால், நீங்கள் இடம் மாறும்போது அவர் கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துக்கொள்ளலாம். அதற்கேற்ப மொத்த நேரத்தைக் கூட்ட வேண்டும்.

மனிதர்கள் சட்டகத்தில் இருக்கும்போது

ஒருவரை இருண்ட பின்னணியின் முன் நிறுத்தி ஒருமுறை ஃபிளாஷ் அடித்துவிட்டால், அவர் உடனே நடந்து போய்விடலாம். அவர் நின்ற இடத்தில் அதன்பிறகு வேறெந்த ஒளியும் பதிவதில்லை என்பதால் உருவம் திடமாகவே இருக்கும். அதே மனிதர் வெளிர் வானத்தின் முன் நின்றால், அவர் நகர்ந்ததும் வானம் அவர் முகத்தின் ஊடாகப் பதிந்து, ஆவியைப் போலாக்கிவிடும். எனவே ஆளின் தலையும் தோளும் மரம், சுவர், மலை போன்ற இருண்ட பரப்பின் மீது விழும்படி கேமராவின் உயரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், ஷட்டர் மூடும்வரை அவர் அசையாமல் இருக்க வேண்டும்.

கையில் விளக்குடன் நடப்பவரை எடுக்கும்போது ட்ரிக்கரைப் பயன்படுத்தி, ஷட்டர் மூடுவதற்குச் சற்றுமுன் ஃபிளாஷை அடிக்கும் பின்திரை ஒத்திசைவைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாஷ் கடைசியில் அடிப்பதால் ஒளிக்கோடு அவருக்குப் பின்னால் இழுபடும்; முன்திரையில், அதாவது ஷட்டர் திறந்ததும், அடித்தால் கோடு அவருக்கு முன்னால் ஓடும். 1949ஆம் ஆண்டு ஒளிப்படக் கலைஞர் ஜோன் மிலி, ஓவியர் பிக்காசோவை இருட்டறையில் ஒரு சிறு விளக்கால் காற்றில் வரையச் செய்து எடுத்த படங்களும் இந்தக் கூட்டுறவில் பிறந்தவையே: கோடுகளைத் திறந்திருந்த ஷட்டரும் ஓவியரின் உருவத்தை ஃபிளாஷும் பதிந்தன.

எட்டாம் படி: அங்கேயே சரிபாருங்கள்

படத்தைப் பெரிதாக்கி, ஃபிளாஷுக்கு மிக அருகிலிருந்த இடம் வெளுத்திருக்கிறதா, இரண்டு அடிகளுக்கு நடுவே இருண்ட பட்டை விழுந்திருக்கிறதா, உங்கள் நிழலோ விளக்குக் கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் எடுங்கள். படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் ‘நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு’ வசதி இயங்கினால், 30 வினாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 வினாடி, ஷட்டரை மூடிவைத்து ஓர் இருட்டுப் படம் எடுத்து கேமரா கழித்துக்கொள்ளும். அதுவரை அடுத்த படம் எடுக்க முடியாது. நிமிடக்கணக்கான படங்களுக்கு அது பயனுள்ளது, வானம் வேகமாக மாறும் அந்திப் பொழுதில் அணைத்துவைப்பதே நல்லது. கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா (RAW) கோப்பாகவே எடுங்கள். பனி இறங்கும் இரவில் லென்ஸின் முகப்பை அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். மெல்லிய ஈரம் படிந்தால் படம் மெதுவாக மங்கிக்கொண்டே போகும், சிறு திரையில் அது தெரியாது.

முக்காலியை மடக்குவதற்கு முன், அதே அமைப்பில், ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படத்தையும், சட்டகத்துக்குள் நீங்கள் நுழையாமல் எடுத்துவையுங்கள். பின்னர் கணினியில் உட்காரும்போது ஏதாவது ஓர் ஓரத்தில் உங்கள் கால் பதிந்திருந்தால், அந்தச் சிறு இடத்தை இந்தப் படத்திலிருந்து எடுத்து மூடிவிடலாம்.